எதிர்ப்பதிவு

ராசிபுரம் எனக்கு முதலில் ஓர் இனிஷியலாகத்தான் அறிமுகமாயிற்று. பி.ஏ. ஆங்கில இலக்கிய வகுப்பில், ஆர். கே. நாராயண் பெயரில் உள்ள 'ஆர்' எங்கள் பக்கத்து ஊர் என்று பேராசிரியர் சொன்னபோது, மால்குடியை விட்டுவிட்டு அந்த ஒற்றை எழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்னால் வங்கியில் குமாஸ்தாவாகி, சேலத்திலிருந்து தினமும் பஸ்ஸில் அந்த ஊர் வழியாகப் போய்வர ஆரம்பித்த பிறகு, அது நெய்க்கும் பட்டுக்கும் பெயர்போன ஊர் என்று தெரிந்தது. இனிஷியல் என்பதற்கு வங்கியில் வேறு அர்த்தம் இருப்பதும் தெரிந்தது. அந்த இரண்டாவது அர்த்தத்துக்குப் பிறகு வருகிறேன்.

அந்த ஊரில் 1887ல் பிறந்த இன்னொருவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன். டாக்டர் பெ. வரதராஜுலு நாயுடு. டாக்டர் என்றால் நாட்டு வைத்தியர். அரசியல்வாதி. பத்திரிகை முதலாளி. அவர் வாழ்க்கையை வரிசைக்கிரமமாகச் சொல்வது என் நோக்கமல்ல. ஒரு கேள்விக்காக அதை எடுத்துக்கொள்கிறேன். ஒரு மனிதன் தன் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்ளும்போது, முன்பு சொன்னதற்கு என்ன கடன்பட்டிருக்கிறான்? வாயால் சொன்னவனுக்கும் அச்சில் சொன்னவனுக்கும் இந்தக் கடன் ஒன்றுதானா? அச்சு இயந்திரமே அவனுடையதாக இருந்தால்?

இந்தக் கேள்வி எனக்கு ஏன் வந்தது என்பதையும் கடைசியில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் தப்பித்துக்கொள்ளத்தான் ஆசை.

வங்கியில் தப்பாகப் போட்ட பதிவை அழிக்க முடியாது. லெட்ஜர் காலத்து சீனியர்கள் இதைச் சொல்லும்போது அவர்கள் குரலில் ஓர் ஆசாரம் தெரியும். பிளேடால் சுரண்டுவது குற்றம். தப்பான எண்ணின் மேல் ஒரே ஒரு கோடு; கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும். பக்கத்தில் சரியான எண். அதற்குப் பக்கத்தில் திருத்தியவனின் இனிஷியல். கம்ப்யூட்டர் வந்த பிறகு கோடு போய்விட்டது, விதி போகவில்லை. இன்றும் ஒருவர் கணக்கில் தவறாகப் பற்று வைத்துவிட்டால் அந்தப் பதிவு அங்கேயே கிடக்கும். அதற்கு எதிர்ப்பதிவு ஒன்று போட்டு அதே தொகையை வரவு வைக்க வேண்டும். பாஸ்புக்கில் இரண்டு வரியும் அச்சாகும். தப்பும் தெரியும், திருத்தமும் தெரியும்.

இன்னொரு விதியும் உண்டு. பதிவு போடுகிறவன் அதைத் தானே அனுமதிக்க முடியாது. நான் போட்டால் வேறொருவர் பார்த்து அனுமதிக்க வேண்டும். மேனேஜரே போட்டாலும் அப்படித்தான். எல்லோரும் திருடர்கள் என்ற சந்தேகம் இதற்குக் காரணமல்ல. தன் தப்பு தன் கண்ணுக்குத் தெரியாது என்ற பழைய அறிவுதான் காரணம்.

பத்திரிகை முதலாளியும் அரசியல்வாதியும் ஒரே ஆளாக இருக்கும்போது இந்த இரண்டாவது விதி அடிபட்டுப் போகிறது. மேடையில் பேசுவது அவர். பேச்சைச் செய்தியாக்குவது அவர் பத்திரிகை. அந்தச் செய்தியின் முக்கியத்துவத்தைப் பற்றித் தலையங்கம் எழுதுவதும் அதே பத்திரிகை. பதிவும் அனுமதியும் ஒரே கை.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் இது சர்வசாதாரணமான விஷயம். அந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்த ஆள் ஜோஸப் கௌவன். நியூகாஸில் ஊர்க்காரர். 1829ல் பிறந்து 1900ல் செத்தார். குடும்பத் தொழில் உலைகளுக்கான செங்கல். நியூகாஸில் க்ரானிகிள் பத்திரிகையின் சொந்தக்காரர். 1874லிருந்து 1886 வரை பார்லிமெண்டில் நியூகாஸிலின் பிரதிநிதி. மாஜினிக்கும் கரிபால்டிக்கும் நண்பர். முதலாளியாக இருந்தும் தொழிலாளி மாதிரி உடுத்தியவர். விக்டோரியாவுக்கு இந்தியச் சக்ரவர்த்தினி என்று பட்டம் சூட்டும் மசோதா 1876ல் வந்தபோது அதை எதிர்த்துப் பேசியவர். அடுத்த ஓரிரண்டு வருஷத்தில் ருஷ்யா துருக்கியோடு சண்டைக்குப் போயிற்று. அப்போது கௌவன் தன் லிபரல் கட்சியை விட்டுக்கொடுத்துவிட்டு, டிஸ்ரேலியின் ருஷ்ய எதிர்ப்புக் கொள்கையை ஆதரித்தார். நேற்று வரை தீவிரவாதி, இன்று டோரிகளின் பக்கம். ஊர் லிபரல்களுக்கு இது துரோகம். அவர் பத்திரிகை அவரைத் தாங்கிப் பிடித்தது. வேறென்ன செய்யும்?

ஆனால் கௌவனின் பழைய கணக்கைப் புரட்டினால் இந்தத் துரோகம் வேறு மாதிரி தெரிகிறது. போலந்தையும் ஹங்கேரியையும் நசுக்கிய ஜாரை அவர் வாலிபத்திலிருந்தே வெறுத்துவந்தார். அந்த நாடுகளின் அகதிகளுக்காக அலைந்தவர் அவர். அவர் நின்ற இடம் மாறவே இல்லை. கட்சிதான் அவரை விட்டு நகர்ந்துபோனது என்று சொல்லலாம். சொல்லலாம்தான். அவரும் அப்படித்தான் சொல்லிக்கொண்டார். சொல்வதற்கு அவரிடம் ஒரு பத்திரிகை இருந்தது. 1886 தேர்தலில் அவர் நிற்கவில்லை. அரசியலை விட்டார், பத்திரிகையை விடவில்லை. வாசகன் கைவிட்டாலும் செங்கல் கைவிடாது.

நம் ராசிபுரத்துக்காரருக்கு எல்லாம் தலைகீழ். அவர் பத்திரிகையை இழந்தார், அரசியலில் கடைசி வரை இருந்தார். செங்கல் சூளை எதுவும் அவருக்கு இல்லை.

சேலம் அப்போது பெரிய ஜில்லா. இன்றைய தர்மபுரி, கிருஷ்ணகிரி, 1997ல் தனி மாவட்டமான நாமக்கல் எல்லாம் அதில் அடக்கம். அந்த ஜில்லாவின் ஓசூர்ப் பக்கத்திலிருந்து வந்து சேலத்தில் வக்கீல் தொழில் நடத்தியவர் ராஜாஜி. 1917ல் சேலம் முனிசிபல் சேர்மன். நாயுடு 1918ல் மதுரையில் ஆலைத் தொழிலாளர் பிரச்னையை ஒட்டிப் பேசிய பேச்சுக்காக ராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பட்டபோது அவருக்காக வாதாடி மீட்டவர் ராஜாஜிதான். இந்த நட்பை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். ஈரோட்டிலிருந்து ஈ.வெ.ரா.வைக் காங்கிரசுக்குள் இழுத்து வந்ததில் இந்த இரண்டு பேருக்கும் பங்கு உண்டு.

அந்தக் காலத்தையொட்டி நாயுடு சேலத்தில் ஒரு வாரப் பத்திரிகை ஆரம்பித்தார். அதற்குத் 'தமிழ்நாடு' என்று பெயர் வைத்தார். ராஜதானிக்கு மதராஸ் என்று பெயர். மாநிலம் 'தமிழ்நாடு' என்று சட்டப்படி ஆனது 1969ல். இதற்கு அரை நூற்றாண்டுக்கு முன், பெயரின் வாலில் நாயுடு என்று தாங்கிய ஒருவர் சேலத்தில் உட்கார்ந்து அந்தச் சொல்லை வாராவாரம் அச்சடித்து விற்றுக்கொண்டிருந்தார். அதில் எழுதியதற்காகச் சிறைக்கும் போனார். அப்போது பதிவு அவருடையது, அனுமதி மறுத்தது சர்க்கார். பத்திரிகாசிரியனுக்கு இதைவிடச் சௌகரியமான நிலை கிடையாது. எதிரே நிற்பவன் அந்நியன். ஜெயிலுக்குப் போனால் போதும், மனசாட்சி சுத்தமாகிவிடும்.

எதிரே நிற்பவன் நம்மவனாகும்போதுதான் கஷ்டம். 1925 அப்படி வந்தது.

சேரன்மாதேவி குருகுலத்தின் கதை இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். நடத்தியவர் வ.வே.சு. ஐயர். 'குளத்தங்கரை அரசமரம்' என்ற கதைக்காக நாம் அவரைக் கொண்டாடுகிறோம். தேசியக் கல்வி என்று பொதுமக்களிடம் நன்கொடை வாங்கினார்கள். மாகாண காங்கிரஸ் கமிட்டி 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. அங்கே இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போடப்பட்டது. விஷயம் வெளியே வந்ததும் நாயுடு தன் 'தமிழ்நாடு' பத்திரிகையில் அதை விடாமல் எழுதினார். அப்போது அவர்தான் மாகாண காங்கிரசின் தலைவர். காந்தியும் சமரசம் சொல்லிப் பார்த்தார். ஏப்ரலில் திருச்சியில் கமிட்டி கூடி, பிறப்பினால் உயர்வு தாழ்வு பாராட்டக் கூடாது என்ற எஸ். ராமநாதனின் தீர்மானத்தை நிறைவேற்றியது. ராஜாஜியும் வேறு சிலரும் கமிட்டியிலிருந்து விலகினார்கள். ஐயர் குருகுலப் பொறுப்பை விட்டார். ஜூன் 3ஆம் தேதி பாபநாசம் அருவியில், தண்ணீரில் விழுந்த மகளைக் காப்பாற்றப் போய் இறந்துபோனார்.

இந்த மரணத்தை யார் கணக்கில் பற்று வைப்பது? யார் கணக்கிலும் வைக்க முடியாது, அது விபத்து. ஆனால் இரண்டு மாதத்துக்கு முன்பு வரை ஒருவர் மேல் வாராவாரம் அச்சில் குற்றம் சாட்டியவனுக்கு, அந்தச் செய்தியைத் தன் பத்திரிகையிலேயே போட வேண்டிய கட்டாயம் வருகிறது. தலையங்கம் எழுதிய கை அஞ்சலியும் எழுத வேண்டும். நாயுடு சொன்னது நியாயம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பொதுப் பணத்தில் நடக்கிற பந்தியில் இரண்டு இலையைத் தனியாகப் போடக்கூடாது. ஆனால் நியாயம் சொன்னவனுக்கும் செலவு உண்டு என்பதை அந்த ஜூன் மாதம் காட்டுகிறது. இதைச் செலவு என்றுகூட உணராதவர்கள்தான் நம்மிடையே அதிகம்.

ராஜாஜியின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். அதே 1925ல்தான் அவர் திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில், புதுப்பாளையத்தில், காந்தி ஆசிரமத்தை ஆரம்பித்தார். வறண்ட காடு, கதரும் கிணறும் மதுவிலக்குப் பிரசாரமுமாக ஆரம்பித்த இடம். அங்கே தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களும் மற்றவர்களும் ஒன்றாக இருந்தார்கள், ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சுற்றுப்பட்டு ஊர்களுக்கு இது பிடிக்கவில்லை. அதாவது, தனிப்பந்தி கூடாது என்ற தீர்மானத்தை ஒட்டிக் கமிட்டியிலிருந்து விலகிய மனிதர், தன் ஆசிரமத்தில் தனிப்பந்தி வைக்கவில்லை. செய்வேன், சட்டமாக்க மாட்டேன் என்பது அவர் கட்சி என்று புரிந்துகொள்கிறேன். நாயுடுவின் கட்சி இதற்கு நேர்மாறு. சொல்ல வேண்டும், எழுத வேண்டும், ஓட்டெடுத்துத் தீர்மானமாக்க வேண்டும்.

வங்கி பாஷையில் சொன்னால், ஒருவரிடம் பணம் இருந்தது, பதிவு இல்லை. மற்றவரிடம் பதிவு இருந்தது. பணம் எவ்வளவு என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. பதிவு இல்லாத பணமும் பணம் இல்லாத பதிவும் எங்கள் ஆடிட்டருக்கு ஒரே அளவு குற்றம்தான். ஆனால் இலையில் உட்கார வேண்டிய பிள்ளைக்கு இது ஒன்றல்ல. புதுப்பாளையத்தில் சாப்பிட்டவர்களின் எண்ணிக்கை, தீர்மானம் எட்டிய பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு முன்னால் மிகச் சிறியது. நல்லவனின் வீட்டில் நடப்பது அந்த வீட்டோடு நின்றுவிடுகிறது. அச்சில் ஏறியது நிற்பதில்லை. நாயுடுவின் பத்திரிகைக்கு என்னால் சொல்ல முடிந்த பெரிய நியாயம் இதுதான்.

பிறகு அவர் மாறத் தொடங்குகிறார். அல்லது நமக்கு மாறியதாகத் தெரிகிறது. 1925 நவம்பரில் காஞ்சிபுரம் மாநாட்டில் ஈ.வெ.ரா. காங்கிரசை விட்டு வெளியேறியபோது நாயுடு கூடப் போகவில்லை. நாயக்கர் - நாயுடு - முதலியார் என்று ஒரே மூச்சில் சொல்லிவந்தவர்கள், அதாவது ஈ.வெ.ரா., வரதராஜுலு, திரு.வி.க. மூவரும், மூன்று திசைகளில் பிரிந்தார்கள். 'தமிழ்நாடு' சென்னைக்குப் போய்த் தினசரியாயிற்று. 1930ல் உப்பு சத்யாக்கிரகம் வந்தது. தேசமே சட்டமறுப்பில் இறங்கியபோது நாயுடு அதற்கு எதிர்ப்பக்கம் நின்றார். ராஜத்துரோகத்துக்காகக் கூண்டில் நின்றவர், எழுத்துக்காகச் சிறை போனவர், இப்போது சட்டத்தை மீற வேண்டாம் என்கிறார்.

இங்கேதான் நம் குடும்பக் கதை தொடங்குகிறது. அந்தத் தினசரியில் இருந்த டி. எஸ். சொக்கலிங்கம் இதை ஒப்புக்கொள்ள முடியாமல் வெளியே வந்தார். 'காந்தி' என்ற பத்திரிகையைத் தொடங்கினார். 1933ல் ஸ்டாலின் சீனிவாசனோடும் வ.ரா.வோடும் சேர்ந்து 'மணிக்கொடி'யைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். நாம் எல்லோரும் நம் பூர்வீகம் என்று சொல்லிக்கொள்வது அந்த மணிக்கொடியைத்தான். அந்தப் பூர்வீகத்துக்குப் பின்னால் ராசிபுரத்து வைத்தியரின் தினசரியும், அதை விட்டு ஒரு மனிதர் வெளியேறியதும் இருக்கின்றன என்பதை நாம் சொல்லிக்கொள்வதில்லை.

நாயுடு 1932ல் சென்னையில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' என்ற ஆங்கிலத் தினசரியையும் ஆரம்பித்தார். தமிழ்த் தினசரியே தள்ளாடுகிற நேரத்தில் இன்னொன்று. நடத்தப் பணம் இல்லை. சீக்கிரமே அது சதானந்த் கைக்குப் போயிற்று. அங்கிருந்து ராம்நாத் கோயங்காவிடம் போயிற்று. அந்த நிறுவனம் 1934ல் 'தினமணி'யைத் தொடங்கியபோது ஆசிரியராக வந்து உட்கார்ந்தவர், அதே சொக்கலிங்கம். விட்டு வந்த முதலாளி ஆரம்பித்த ஸ்தாபனத்துக்கே, அந்த முதலாளி இல்லாமல் போன பிறகு, அவர் வந்து சேர்கிறார். 1943ல் கோயங்காவோடு மனஸ்தாபம் வந்து அங்கிருந்தும் வெளியேறுகிறார். கூடவே வெளியேறியவர்களில் புதுமைப்பித்தனும் உண்டு. அடுத்த வருஷம் 'தினசரி' தொடங்குகிறது.

இந்தச் சங்கிலியில் ஒரு விஷயம் என்னைத் தொந்தரவு செய்கிறது. ஒவ்வொரு தடவையும் அபிப்பிராயம் வெளியே போகிறது; அச்சு இயந்திரம் உள்ளேயே இருக்கிறது. அதற்கு முந்தின தலைமுறையிலும் இதுதான் நடந்தது. ஹிந்துவை 1878ல் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். அவர் 1898ல் அதை விட்டுவிட்டு, தான் 1882ல் தொடங்கிய சுதேசமித்திரனோடு நின்றுகொண்டார். தொடங்கியவன் வேறு, வைத்திருப்பவன் வேறு. பத்திரிகை என்பது கருத்தின் உடம்பு என்று நாம் பேசுகிறோம். அடமானத்துக்கு வருவது உடம்புதான். கருத்தை அடமானமாக ஏற்றுக்கொள்கிற வங்கி எதையும் நான் பார்க்கவில்லை.

1930ல் நாயுடு செய்தது சரியா தப்பா என்பது ஒரு கேள்வி. அது இங்கே எனக்கு முக்கியமில்லை. தப்பு என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்தத் தப்பை அவர் எப்படிச் செய்தார் என்று பாருங்கள். ஊர் முழுவதும் ஒரு பக்கம் நிற்கும்போது, ஊர் வாங்கினால்தான் ஓடும் தன் பத்திரிகையை மறுபக்கம் நிறுத்தினார். முன்னே சொன்னேன், பதிவும் அனுமதியும் ஒரே கை என்று. அது முழு உண்மையல்ல. பத்திரிகைக்கு அனுமதிக்கும் அதிகாரி ஒருவர் இருக்கத்தான் செய்கிறார். காலையில் காசு கொடுத்து வாங்குகிற வாசகன். கௌவனுக்கு அந்த அதிகாரியைப் பற்றிப் பயமில்லை, செங்கல் இருந்தது. நாயுடுவுக்குப் பயப்படக் காரணம் இருந்தது. ஆனாலும் எழுதினார், மூழ்கினார்.

அப்படியானால் வாசகன்தான் சரியான அதிகாரியா? இதில்தான் நான் தடுமாறுகிறேன். வாசகன் அனுமதிப்பது உண்மையை அல்ல, தனக்கு ஒப்பானதை. அவனுக்குக் கட்டுப்பட்ட பத்திரிகை அவனுடைய முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும். கட்டுப்படாத பத்திரிகை முதலாளியின் முகம் பார்க்கும் கண்ணாடியாகும். நூற்றுச் சொச்சம் வருஷமாக நம் பத்திரிகைகள் இந்த இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவில்தான் நடமாடுகின்றன. மூன்றாவதாக ஒன்று உண்டென்றால் அது பழைய இதழ்க் கட்டுதான். நேற்றுச் சொன்னது இன்று சொல்வதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்ற வெட்கம். அந்த வெட்கம் ஒன்றுதான் அச்சில் எழுதுகிறவனுக்குக் கடைசி அதிகாரி.

நாயுடுவின் பிற்காலத்துக்கு வருகிறேன். இந்து மகாசபையில் சேர்ந்தார். பிறகு அதையும் விட்டு மறுபடி காங்கிரசுக்கு வந்தார். இவ்வளவையும் வைத்துப் பச்சோந்தி என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடலாம். முடித்தும் இருக்கிறோம். அவரைப் பற்றி இன்று யாரும் பேசாததற்கு இந்த வார்த்தை ஒரு காரணம் என்று நினைக்கிறேன். கட்சிகளுக்குத் தங்கள் வம்சாவளியில் வைக்க முடியாத மனிதர் அவர். காங்கிரசுக்கு 1930 இடிக்கும். திராவிட இயக்கத்துக்கு மகாசபை இடிக்கும். மகாசபைக்காரர்களுக்கு அவர் திரும்பிப் போனது இடிக்கும்.

ஆனால் 1953 வருகிறது. ராஜாஜி மாகாண முதலமைச்சர். கிராமத்து ஆரம்பப் பள்ளிகளில் படிப்பைத் தினம் 3 மணி நேரமாக்கி, மீதி நேரத்தில் பிள்ளைகள் வீட்டுத் தொழிலைப் பழகட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவருகிறார். குலக்கல்வி என்று அதற்குப் பெயர் விழுந்தது. வண்ணான் மகன் வெளுக்கப் பழக வேண்டும், குயவன் மகன் சக்கரம் சுற்றப் பழக வேண்டும் என்பதுதானே இது என்று நாடு கொதித்தது. காங்கிரஸ் கட்சிக்குள்ளேயே எதிர்ப்பைத் திரட்டி முன்னால் நின்றவர் யார் என்றால், அறுபத்தைந்தைத் தாண்டிய வரதராஜுலு நாயுடு. 1954 மார்ச்சில் ராஜாஜி விலகினார். சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராஜர் பெயரை முன்மொழிந்தவரும் நாயுடுதான். அந்தத் திட்டம் அந்த வருஷமே கைவிடப்பட்டது. மூன்று வருஷத்துக்குப் பின், 1957ல், நாயுடு காலமானார்.

1925ல் பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது. 1953ல் பிள்ளைகள் எவ்வளவு நேரம் உட்கார்ந்து படிப்பது. இரண்டிலும் எதிரே நின்றவர், தன்னைக் கூண்டிலிருந்து மீட்ட அதே சேலத்து வக்கீல். முதல் தடவை கையில் ஒரு பத்திரிகை இருந்தது. இரண்டாம் தடவை பத்திரிகை இல்லை, ஓர் ஓட்டுதான் இருந்தது. நடுவில் எத்தனை கட்சி மாறினாலும் பிறப்பு என்ற இடத்தில் மட்டும் அவர் மாறவில்லை. கௌவனுக்கு ஜார் மாதிரி.

இதை எழுதி முடித்ததும் எனக்குச் சந்தோஷமாக இருந்தது. உடனே சந்தேகம் வந்தது. கணக்கு இவ்வளவு அழகாக நேராகும்போது ஒரு குமாஸ்தா மறுபடி பார்க்க வேண்டும். ஒரு தப்பை இன்னொரு தப்பு ஈடுகட்டினாலும் கூட்டல் சரியாகத்தான் வரும். தேர்வுக்குப் படிக்கும்போதே சொல்லித் தருகிற பாடம் இது. இரண்டு முனையையும் கட்டிவிட்டால் நடுவில் இருப்பது எங்கே போகும்? மகாசபையை நான் எங்கே வைப்பேன்? ஒருவேளை 1925ல் அவருக்கு உறுத்தியது சமத்துவமின்மை அல்ல, இந்து சமூகத்தின் பிளவாக இருக்கலாம். ஒரே பந்தியில் உட்கார வைப்பது பிள்ளைக்காகவும் இருக்கலாம், பந்தியின் பலத்துக்காகவும் இருக்கலாம். ஒரே செயல், இரண்டு வேறு தலைப்புகளில் பதியலாம். 1954லும் அப்படித்தான். கொள்கை எவ்வளவு, கட்சிக்குள் நடந்த பலப்பரீட்சை எவ்வளவு என்று பிரிக்க என்னிடம் கருவி இல்லை. மனசாட்சிக்கு ஆடிட் கிடையாது.

ஆகவே அவரைத் தூக்கி நிறுத்த நான் இதை எழுதவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நாயுடு மாறியது எல்லாம் வெளிச்சத்தில். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தேதி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் அவர் எதையாவது கொடுத்திருக்கிறார். ஒரு தடவை நண்பர், ஒரு தடவை பத்திரிகை, ஒரு தடவை பெயர். கோட்டுக்கு அடியில் இருப்பதை நாம் இன்றைக்கும் படிக்க முடிகிறது. அவரைப் பச்சோந்தி என்று சொல்ல முடிவதே அதனால்தான். சுரண்டி அழித்தவர்களைப் பற்றி அப்படிச் சொல்ல நமக்கு ஆதாரம் கிடைப்பதில்லை. அவர்கள் கொள்கைக் குன்றுகளாக நிற்கிறார்கள்.

இனி நம்மைப் பற்றி. சிறுபத்திரிகைக்கு முதலாளி இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். முதலாளி இல்லாததால் நாம் சுத்தம் என்று ஒரு சித்தாந்தமே வைத்திருக்கிறோம். ஆனால் கையளவு பிரதி அச்சடித்து, நாமே எழுதி, நாமே படித்து, நாமே கடிதம் போடும் இந்த இடத்தில் பதிவும் அனுமதியும் இன்னும் மோசமாக ஒரே கையில் இருக்கின்றன. நாயுடுவுக்காவது காசு கொடுக்க மறுக்க ஒரு வாசகன் இருந்தான். நமக்கு அவன்கூட இல்லை. பழைய இதழ் யாரிடமும் இருக்காது என்ற தைரியத்தில் எழுதுகிறோம்.

எனக்கு இந்தத் தைரியம் இருந்தது என்பது சமீபத்தில்தான் தெரிந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கவிஞரின் முதல் தொகுப்புக்கு மதிப்புரை எழுதினேன். நாமக்கல் பக்கம் லாரிக்குப் பாடி கட்டுகிற பட்டறையில் வேலை செய்கிறவர். சொந்தக் காசில் அச்சடித்த புத்தகம். அதில் ஒரு கவிதையின் சில வரிகளை எடுத்துப் போட்டு, இது புகார், கவிதை இல்லை என்று எழுதினேன். வெல்டிங் பொறியைப் பற்றிய வரிகள். கவிதைக்கு மௌனம் வேண்டும் என்றெல்லாம் பெரிதாகச் சொல்லியிருந்தேன். போன வருஷம் வேறொரு கட்டுரையில், இன்றைய தமிழ்க் கவிதையில் உழைப்பு எப்படி வருகிறது என்று எழுதும்போது அதே வரிகளை எடுத்து, இதற்கு இணையாக எதுவும் இல்லை என்றேன். இடையில் நான் மாறியிருந்தேன். அது என் வளர்ச்சி என்று எனக்குத் தோன்றியது. முன்பு சொன்னதைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்துபோயிற்று என்று சொன்னால் பொய். ஞாபகம் இருந்தது. சொன்னால் கட்டுரையின் வேகம் கெட்டுவிடும் என்று விட்டுவிட்டேன்.

ஆண்டகளூர் கேட் டீக்கடையில் ஒரு மூத்த நண்பர் கேட்டார். "அதே வரிதானே தம்பி?" அவ்வளவுதான் கேட்டார். நான் ஏதோ சொன்னேன். அவர் டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் வரதராஜுலு நாயுடுவைப் படிக்க ஆரம்பித்தேன். ஓர் அரசியல்வாதியின் சரித்திரத்தில் என்ன தேடுகிறேன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. என்னைவிட மோசமான ஒருவரைத் தேடியிருப்பேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்தக் கவிஞர் இரண்டாவது தொகுப்பு போடவில்லை. அதற்கு என் மதிப்புரை காரணமா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பட்டறை வேலை, வீட்டுக் கடன், குழந்தைகளின் படிப்பு என்று எத்தனையோ காரணம் இருக்கும். என்னைக் காரணம் என்று நினைத்துக்கொள்வதும் ஒரு கர்வம்தான். ஆனால் அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறவர். இந்த இதழும் அவருக்குப் போகும்.

ஆறு வருஷத்துக்கு முன்பு நான் எழுதிய மதிப்புரை தப்பு. அந்த வரிகள் அன்றைக்கும் கவிதைதான். எனக்குக் காது இல்லை. அந்த மதிப்புரை அந்த இதழில் அப்படியே இருக்கட்டும், இதை அதற்குப் பக்கத்தில் வைத்துப் படிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். இது போதுமா என்று சொல்ல வேண்டியவர் அவர், நானல்ல.